மாமாவின் ஸ்டாண்டர்ட் 20: காலடிப்பேட்டை வாசலில் ஒன்பது மாத வயரிங் வேலை

இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் பின்னால் பிரேக் விளக்கும் சேர்ந்து சிமிட்டும். பிரேக்கை மிதித்தால் அதே பக்கத்துச் சிவப்பு விளக்கு அணைந்துபோகும். ஹெட்லைட் எரியும்போது ஹாரனை அழுத்தினால் தொண்டை கட்டியவர் பேசுவதுபோலச் சத்தம் வரும். மாமாவின் பிக்கப் வண்டி இந்த நிலையில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. ஓட முடிந்ததற்குக் காரணம் அது டீசல் என்பதுதான். பெட்ரோல் என்ஜினுக்கு ஒவ்வொரு பொறிக்கும் மின்சாரம் வேண்டும். வயரிங் கெட்டால் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். பழைய டீசல் என்ஜின் அப்படியில்லை. ஒருமுறை கிளம்பிவிட்டால் பேட்டரி செத்திருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்துவதற்குக்கூட கையால் இழுக்கும் ஒரு கம்பிதான். பேட்டரி இறங்கிய நாட்களில் ஐஸ் கம்பெனிப் பையன்கள் நான்கு பேர் தள்ளிவிடுவார்கள், வண்டி கிளம்பிவிடும். அதனாலேயே வயரிங்கை யாரும் முறையாகத் திறந்து பார்க்கவில்லை. எது எரியவில்லையோ அதற்கு மட்டும் புதிதாக ஒரு வயரை இழுத்து முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போனார்கள்.

வண்டி ஸ்டாண்டர்ட் 20, 1974 மாடல். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூரில் கட்டியது. அந்த நிறுவனத்தின் ஹெரால்டு, கேஸல் கார்களை இன்றும் பலர் நினைவு வைத்திருக்கிறார்கள். அதே தொழிற்சாலையிலிருந்து வந்த வேனையும் பிக்கப்பையும் நினைப்பவர்கள் குறைவு. முன்பக்கம் தட்டையாக இருக்கும். என்ஜின் ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே, ஒரு தகர மூடிக்குள் உட்கார்ந்திருக்கும். மாமா இதை 1982-இல் பழைய வண்டியாக வாங்கி, அந்த ஆண்டுகளிலேயே என்ஜினை மாற்றி, ஆர்.சி. புத்தகத்திலும் பதிந்துவிட்டார். ஆனால் டைனமோவிலும் செல்ஃப் மோட்டாரிலும் லூகாஸ் டி.வி.எஸ். தகடு அப்படியே இருந்தது. கட்டியது வண்டலூர், மின்சாதனம் பாடி, ஓடியது காசிமேடு. முழுக்க முழுக்க இந்த ஊர் வண்டி. அதை எடைக்குப் போட மனம் வராததற்கு எனக்கு இது ஒன்றே போதுமான காரணமாக இருந்தது.

அது ஏற்றியது ஐஸும் மீனும். விடியற்காலை காசிமேட்டில் ஏற்றி, சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தையில் இறக்கும். உருகிய ஐஸ் நீரும் மீன் கழுவிய உப்பு நீரும், பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் பலகை இடுக்கு வழியாக, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் மேல் நாள் முழுவதும் சொட்டும். வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் கடல். நிறுத்தி வைத்திருக்கும் நேரத்திலும் உப்புக் காற்று விடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவில் சக்கரத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு சாவியைத் திருப்பினால் ஒரு விளக்குகூட எரியவில்லை. பழைய இரும்பு வாங்குபவர் வந்து பார்த்துவிட்டு கிலோ விலை சொன்னார். மாமா பதில் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டார். அன்றிரவு நான்தான் அவரிடம் கேட்டேன்: “மாமா, சாவியை என்னிடம் கொடுங்கள். பொங்கல் முடிந்ததும் பிரித்துப் பார்க்கிறேன்.”

நான் மணலியில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். அங்கே 415 வோல்ட், மூன்று ஃபேஸ். அந்தப் பழக்கத்தில் 12 வோல்ட் சின்ன விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். வேலையில் இறங்கிய பிறகு எண்ணம் மாறியது. 415 வோல்ட்டில் மூன்று வோல்ட் வழியில் தொலைந்தால் மோட்டாருக்குத் தெரியவே தெரியாது. 12 வோல்ட்டில் மூன்று வோல்ட் போனால் கால் பங்கு போய்விட்டது. உயிருக்கு ஆபத்து குறைவு, ஆனால் இணைப்பில் துளிக்கூட அழுக்கை மன்னிக்காது.

துரு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டியின் தரைத் தகடு கையால் அழுத்தினாலே உடைந்தது. கொருக்குப்பேட்டையில் ஒரு டிங்கர் புதுத் தகடு வெட்டி வெல்டிங் செய்து கொடுத்தார். சிறிய பிராக்கெட்டுகளையும் போல்ட்டுகளையும் வாசலிலேயே வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் போட்டு, பேட்டரி சார்ஜர் வைத்து மின்பகுப்பு முறையில் துரு எடுத்தேன். எதிர்முனை துருவேறிய பொருளுக்கு, நேர்முனை ஒரு சாதாரண இரும்புப் பட்டைக்கு. அந்தப் பட்டைக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது. நச்சுத்தன்மை கொண்ட குரோமியம் தண்ணீரில் இறங்கும். கிளம்பும் வாயு ஹைட்ரஜன், ஆகவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பிரேக் சிலிண்டர்கள், குழாய்கள், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது. நிற்கத் தெரியாத வண்டிக்கு விளக்கு எதற்கு? அதனால் பிரேக் முடியும்வரை வயரிங்கைத் தொடவில்லை.

பிரிப்பதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். வேறு பேட்டரி ஒன்றை வைத்து, ஈரம் காய்ந்த பிறகு, செத்துப்போன ஃபியூஸைச் சுற்றி நேரடியாகக் கொடுத்ததும் சில விளக்குகள் உயிர் பெற்றன. பேட்டரியில் 12.4 வோல்ட். ஹெட்லைட் முனையில் 9.9. மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தாலே இழை விளக்கின் ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இங்கே குறைந்தது இருபது சதவீதம். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாமா இத்தனை காலம் பாதி வெளிச்சத்தில் ஓட்டியிருக்கிறார்.

அந்த 2.5 வோல்ட் எங்கே போனது? இதைத் தேடியதில்தான் இந்த வேலை முழுவதற்குமான வழி எனக்குக் கிடைத்தது. போகும் வயரை மட்டும் பார்க்கிறோம், திரும்பி வரும் வழியைப் பார்ப்பதில்லை. வண்டியில் மின்சாரம் வயரில் போகிறது, உடம்பு வழியாகத் திரும்புகிறது. இந்தத் திரும்பும் வழிதான் எர்த். உடம்பு என்பது ஒரே இரும்பு இல்லை. கேபின் தனி, சேசிஸ் தனி, என்ஜின் தனி, தொட்டி தனி. என்ஜினும் கேபினும் ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. தொட்டி நான்கு போல்ட்டில், நடுவே மரக்கட்டை வைத்து நிற்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பளபளப்பாக இருந்த அந்தத் தொடுமுனைகள் ஐம்பது ஆண்டு உப்பில் துருவாகிவிட்டன.

இதைக் கண்டுபிடிக்க ஓம் மீட்டரை நம்பாதீர்கள். பின்விளக்கின் தகரத்துக்கும் பேட்டரி எதிர்முனைக்கும் இடையே மீட்டரை வைத்தேன். ஒரு ஓமுக்கும் கீழே காட்டியது. நல்ல எர்த் என்றுதான் யாருக்கும் தோன்றும். மீட்டர் அனுப்புவது மிகமிகச் சிறிய மின்னோட்டம், ஒரு மெல்லிய இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அதற்குப் போதும். விளக்கை எரியவிட்டுப் பார்க்க வேண்டும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை விளக்கின் தகரத்திலும் மறுமுனையைப் பேட்டரி எதிர்முனையிலும் வைத்து, பார்க் விளக்கு, பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் போட்டேன். வலப்பக்கம் 0.6 வோல்ட். இடப்பக்கம் 3.1. அங்கே 0.2-க்கு மேல் இருக்கக் கூடாது.

பிரேக் விளக்கு ஏன் சிமிட்டியது என்பதும் அப்போதே விளங்கியது. இடப்பக்க இண்டிகேட்டருக்கு வந்த மின்சாரத்துக்குச் சேசிஸுக்குப் போக வழியில்லை. அது அதே தகரத்தில் இருக்கும் பிரேக் பல்பின் இழைக்குள் பின்வாசல் வழியாக நுழைந்து, பிரேக் வயரிலேயே எதிர்த்திசையில் ஓடி, வலப்பக்கப் பிரேக் பல்பைக் கடந்து அங்கே எர்த்தைப் பிடித்தது. இடையில் மாட்டிய விளக்குகளெல்லாம் அரைகுறையாகச் சிமிட்டின. இதற்காக மாமா இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கும் ஃப்ளாஷரை மூன்று முறை மாற்றியிருக்கிறார். ஃப்ளாஷர்மீது ஒரு குற்றமும் இல்லை.

பேட்டரியைக் கழற்றும்போது எர்த் முனையை முதலில், பூட்டும்போது அதைக் கடைசியில். நேர்முனையை முதலில் கழற்றப் போய் ஸ்பானர் உடம்பைத் தொட்டால் வெல்டிங் பொறிதான். இன்னொன்று: இந்த வண்டி எதிர்முனை எர்த். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பழைய வண்டிகளில் நேர்முனையை எர்த் செய்தவையும் உண்டு. பிரிக்கும் முன் எந்த முனை சேசிஸுக்குப் போகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி வயர். டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்த வயர்க் கட்டைப் பிரிக்க இரண்டு ஞாயிறுகள் ஆயின. மேல் அடுக்கில் கறுப்பு டேப், சூட்டில் இளகிப் பிசினாகி விரலில் ஒட்டியது. அதற்குள் வீட்டு வயரிங்கில் போடும் ஒற்றைக் கம்பி, ஸ்பீக்கர் வயர், எங்கோ வெட்டிய டெலிபோன் வயர்கூட இருந்தது. அதற்கும் கீழே பழைய துணிச்சுற்று. அதை ஒரு பிளேடால் மெதுவாகக் கீறினேன். ஓட்டுநர் பக்கம், ஸ்டீயரிங் தண்டுக்கு மேலே, தண்ணீரே போகாத ஒரு முழ நீளத்தில், 1974-இல் வைத்த கட்டு அப்படியே இருந்தது. கட்டைவிரலை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தால் அழுக்கு விலகி நிறம் எழுந்து வந்தது. பழுப்பு. பச்சையில் சிவப்புக் கோடு. நீலத்தில் வெள்ளைக் கோடு. மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தனை நிறம் இருந்ததா இதில்?” என்று கேட்டார். நாற்பது ஆண்டு ஓட்டியவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

அந்த ஒரு முழம்தான் எனக்கு வரைபடம். லூகாஸ் நிற முறை தெரிந்தால் வண்டியை வாசித்துவிடலாம். பழுப்பு எப்போதும் உயிரோடு இருப்பது, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வருவது. ஊதா, எப்போதும் உயிர் உண்டு, ஆனால் ஃபியூஸ் வழியாக. வெள்ளை, சாவி போட்டால் வருவது. அதே மின்சாரம் ஃபியூஸைத் தாண்டினால் பச்சை. பச்சை சிவப்பு இடப்பக்க இண்டிகேட்டர், பச்சை வெள்ளை வலப்பக்கம், பச்சை ஊதா பிரேக் விளக்கு. நீலம் ஹெட்லைட், அதில் வெள்ளைக் கோடு ஹை பீம், சிவப்புக் கோடு டிம். தனிச் சிவப்பு பார்க் விளக்கு. கறுப்பு எர்த். தேதிக் காலண்டரின் பழைய தாள்களைப் பின்பக்கம் திருப்பி ஒட்டி, முழு வண்டியையும் வரைந்தேன். ஒரு வயரைக்கூடப் பெயர் எழுதாமல் வெட்டவில்லை.

பழைய வயரையே சுத்தம் செய்து மீண்டும் போடலாமா என்ற ஆசை எனக்கும் இருந்தது. பின்விளக்கு வயர் ஒன்றின் முனையைச் சீவினேன். உள்ளே செம்பு கறுத்திருந்தது. கறுப்பு முடியும்வரை பின்னால் போகலாம் என்று அரை அங்குலம், ஓர் அங்குலம், நான்கு அங்குலம் எனச் சீவிக்கொண்டே போனேன். ஒரு முழம் தாண்டியும் கறுப்புதான். நடுவே பச்சைப் பூச்சு பொடியாக உதிர்ந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். விசைப்படகுகளுக்கு வயரிங் செய்யும் பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். துறைமுகத்தில் எல்லோரும் நைனா என்றே அழைப்பார்கள். வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு விரலால் மடக்கினார். இழைகள் நொறுங்கின.

“தம்பி, உப்புத் தண்ணீர் வெளியே இருந்து உறையை அரிப்பதில்லை. வெட்டிய முனை வழியாக உள்ளே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அதேதான். முனையை அடைக்காமல் விட்டால் நீ எத்தனை டேப் சுற்றினாலும் பயன் இல்லை.”

படகுகளுக்கு அவர் போடுவது வெள்ளீயம் பூசிய செம்பு இழை வயர். விலை அதிகம். கேபினுக்குள் அது தேவையில்லை என்பது என் முடிவு. பின்விளக்குகளுக்கும், சேசிஸ் ஓரமாகப் போகும் எல்லாவற்றுக்கும் மட்டும் அதை வாங்கினேன். மீதியைப் பாரிமுனையில், லிங்கி செட்டி தெருப் பக்கம் அலைந்து வாங்கினேன். ஒரு கடையில் கிடைத்த சுருள் விலை மலிவாக இருந்தது. வீட்டுக்கு வந்து தூக்கும்போதுதான் சந்தேகம்: இந்த நீளத்துக்கு இந்த எடை போதாதே. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. அலுமினியத்தின் அடர்த்தி செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் கை முதலிலேயே சொல்லிவிட்டது. அதே பருமனில் மின்தடையும் அதிகம், அதிர்வில் ஒடியும், உப்புக் காற்றில் செம்போடு சேர்ந்து இன்னும் வேகமாக அரிக்கும். அந்தச் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வயர் வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு பிளேடு இருக்கட்டும்.

இரட்டை நிறக் கோடு போட்ட வயர் சில்லறையில் எனக்குக் கிடைக்கவில்லை. தனி நிறங்களை லூகாஸ் முறைப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் எண் அச்சிட்ட ஸ்லீவ் போட்டேன். தொழிற்சாலை பேனல்களில் தினமும் செய்வதுதான். காலண்டர் தாளில் எந்த எண்ணோ வயரிலும் அதே எண்.

வயரின் பருமனுக்குச் சின்னக் கணக்கு போதும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.0175 ஓம். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து, 60 வாட் வீதம், பத்து ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து விளக்குவரை நான்கு மீட்டர் என்றால் ஒரு சதுர மி.மீ. வயரில் 0.7 வோல்ட் அப்படியே போய்விடும். 2.5 சதுர மி.மீ. போட்டால் 0.28. நான் பேட்டரியிலிருந்து ரிலேவரை (சிறிய மின்சாரத்தால் எழுந்து பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) 4 சதுர மி.மீ., ரிலேயிலிருந்து விளக்குக்கு 2.5 போட்டேன். பார்க் விளக்கு, இண்டிகேட்டருக்கு 1 போதும். செல்ஃப் மோட்டாருக்கு 50 சதுர மி.மீ. கேபிள், அது சில நூறு ஆம்பியர் கேட்கும் சாமான், அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

பழைய வண்டியில் ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் டேஷ்போர்டு சுவிட்சுக்குள் போய், காலால் மிதிக்கும் டிம்மர் சுவிட்சுக்குள் போய், அதன்பிறகுதான் விளக்குக்கு வந்தது. சுவிட்சின் உள்ளே பித்தளைத் தொடுமுனைகள் கருகியிருந்தன. இப்போது சுவிட்ச் ரிலேயின் சுருளை மட்டும் எழுப்புகிறது. அது ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ரிலேயின் முனைகளில் எண் இருக்கும்: 30-இல் ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87-இல் விளக்கு, 85-இல் எர்த், 86-இல் சுவிட்சிலிருந்து வரும் வயர். ஹை பீமுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று. இந்த வண்டியில் செய்த மாற்றங்களில் ஒன்றை மட்டும் செய்ய உங்களுக்கு நேரம் இருந்தால் இந்த ரிலேயைச் செய்யுங்கள். பழைய சுவிட்சும் பிழைக்கும், வெளிச்சமும் கூடும்.

ஃபியூஸ் பெட்டியில் முன்பு இருந்தது இரண்டே கண்ணாடி ஃபியூஸ். அதிலும் ஒன்றில் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள் சுற்றியிருந்தது. இப்போது பத்து பிளேடு ஃபியூஸ். ஃபியூஸ் காப்பது வயரை, விளக்கை அல்ல. ஆகவே வயரின் பருமனைப் பார்த்துத்தான் ஃபியூஸ் அளவு: ஒரு சதுர மி.மீ. வயருக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 20. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள், 60 ஆம்பியர் மெயின் ஃபியூஸ் ஒன்று.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தது மாமாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. டைனமோ 22 ஆம்பியர் தருவது. அதுவும் என்ஜின் வேகமாக ஓடினால்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஹெட்லைட், வைப்பர் இரண்டையும் போட்டால் பேட்டரிதான் கரையும். மழைக்கால இரவுகளில் வண்டி ஏன் காலையில் கிளம்பவில்லை என்பதற்கு இதுதான் பதில் என்று சொன்னபிறகு ஒப்புக்கொண்டார். மாற்றுபவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். டேஷ்போர்டில் உள்ள பழைய அம்மீட்டர் 30 ஆம்பியர் அளவுள்ளது. ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை அதற்குள் விடக் கூடாது. அதன் கண்ணாடியையும் வளையத்தையும் வைத்துக்கொண்டு உள்ளே வோல்ட் மீட்டர் வைத்தேன். அடுத்தது சார்ஜ் விளக்கு. அது வெறும் அறிவிப்பு விளக்கு இல்லை. ஆல்டர்னேட்டரின் காந்தப்புலத்தை முதலில் எழுப்பும் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் போனால் என்ஜின் மெதுவாக ஓடும்போது சார்ஜே ஆகாமல் போகலாம். டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விட்ட பழைய கட்அவுட் பெட்டியின் கூட்டை அதே இடத்தில் விட்டுவைத்திருக்கிறேன், உள்ளே இப்போது ரிலேக்கள்.

முனைகளுக்கு ஈயப்பற்றா, திம்பிளை (வயர் முனையில் மாட்டும் உலோகக் கொக்கி) அமுக்குவதா என்று நைனாவோடு நீண்ட பேச்சு நடந்தது. ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை ஒரு கம்பிபோல விறைக்க வைக்கும். அது முடியும் இடத்தில் அதிர்வு பட்டுப்பட்டு ஒடியும். அவர் அமுக்கித்தான் போடுகிறார், நானும் அப்படியே. ஆனால் கொறடால் நசுக்குவது அமுக்குவது ஆகாது. ராட்செட் உள்ள கிரிம்பிங் கருவி வேண்டும். போட்ட ஒவ்வொரு முனையையும் பிடித்து பலமாக இழுத்துப் பார்த்தேன்; முதல் நாள் பதினோரு முனையில் மூன்று கையோடு வந்தன, கருவியின் பல்லை மாற்றிய பிறகு ஒன்றுகூட வரவில்லை. முனை முடிந்ததும் உள்ளே பசை தடவிய சுருங்கு ஸ்லீவ் போட்டு, சூடு காட்டி, பசை ஓரத்தில் பிதுங்கும்வரை விட்டேன். நைனா சொன்ன திரி அடைபடுவது அங்கேதான்.

எர்த்துக்கு மட்டும் நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். பேட்டரியிலிருந்து சேசிஸுக்கு ஒரு தடித்த கேபிள், என்ஜினிலிருந்து சேசிஸுக்குப் பின்னிய செம்புப் பட்டை, கேபினிலிருந்து சேசிஸுக்கு இன்னொன்று. தொட்டியை நம்பவே இல்லை. இரண்டு பின்விளக்குக்கும் தனித்தனியாகக் கறுப்பு வயர் இழுத்து, சேசிஸில் ஒரே போல்ட்டில் கொண்டுவந்து சேர்த்தேன். அந்த இடத்தைக் கண்ணாடிபோல மின்னும்வரை தேய்த்தேன். பல் வைத்த வாஷர், அதன்மேல் திம்பிள், நட்டு, முறுக்கு. கிரீஸ் அதற்குப் பிறகுதான், மேலே. முதலில் கிரீஸைத் தடவிவிட்டு முறுக்குவது பலரிடம் உள்ள வழக்கம்; இரும்பும் செம்பும் முதலில் ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ள வேண்டும், பிறகு போர்வை போர்த்தலாம். வயர் தகரத்தைக் கடக்கும் ஒவ்வொரு துளையிலும் வயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (குரோமெட்) வைத்தேன். கட்டுக்குப் பசையில்லாத டேப் சுற்றினேன். இந்த ஊர் வெயிலில் பசை டேப் மூன்றாம் ஆண்டே பிசினாகிவிடும்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை முதல்முறையாகப் பேட்டரி கொடுத்தேன். நேரடியாகக் கொடுக்கவில்லை. பேட்டரி எதிர்முனைக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பைத் தொடராக மாட்டினேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், அதற்குமேல் இரண்டு ஆம்பியர்கூடப் போகாது, வயர் கருகாது. மாட்டியதும் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினேன். ஏழாவதை எடுத்ததும் அணைந்தது. அது பின்பக்கப் பிரேக் விளக்கு வயருக்கான ஃபியூஸ். பிரேக் சுவிட்சின் வயரைக் கழற்றியதும் ஷார்ட் மறைந்தது, திரும்ப மாட்டினால் வந்தது. சுவிட்ச் மூடியே நின்றிருந்தது, பெடலைச் சரியாக அமைக்கவில்லை. ஆனால் பல்பு அவ்வளவு பிரகாசமாக எரிய அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. பிரேக் விளக்குகள் எரிந்தால் சோதனைப் பல்பு மங்கித்தான் எரியும். தொட்டிக்குக் கீழே படுத்து, கையால் வயரைத் தடவிக்கொண்டே போனேன். டிங்கர் கடையிலிருந்து தொட்டியை ஏற்றியபோது நான்காவது போல்ட்டுக்கு அடியில் வயர் மாட்டி நசுங்கியிருந்தது. போல்ட்டைத் தளர்த்தி எடுத்தேன். அந்த வயரை ஒட்டுப் போடவில்லை, முழு நீளத்துக்கும் புதிதாக இழுத்தேன். ஒட்டுப்போட்டுத்தானே இந்த வண்டி இந்த நிலைக்கு வந்தது. பெடலையும் அமைத்தபின் பல்பு அணைந்தே இருந்தது. அதன்பிறகுதான் எர்த் கேபிளை முறுக்கினேன்.

என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், ஹெட்லைட் முனையில் 13.6. இடப்பக்கப் பின்விளக்கின் தகரத்தில், எல்லாம் எரியும்போது, 0.05. வயர், ஃபியூஸ் பெட்டி, ரிலே, திம்பிள், ஸ்லீவ் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 13,400 ரூபாய், ஆல்டர்னேட்டர் தனி. கிரிம்பிங் கருவி வேலை செய்யும் இடத்து நண்பரிடம் இரவல் வாங்கியது.

ஐம்பது ஆண்டு ஆனதால் இதைப் பழமை வாகனமாகப் பதியலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2021-இல் வந்த அந்த விதி வணிகப் பயன்பாட்டில் இல்லாத, மூல வடிவம் பெரிதாக மாறாத வண்டிகளுக்கு. இது சரக்கு வண்டியாகவே பதிவாகியிருக்கிறது, என்ஜினும் மாறியது. மாமாவுக்கும் இதைக் காட்சிக்கு வைக்கும் எண்ணம் இல்லை. எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போவதற்குள் வைப்பர் மோட்டாரைச் சரிசெய்ய வேண்டும். நிறுத்தினால் கண்ணாடியின் நடுவிலேயே நிற்கிறது. டீசல் அளவு காட்டும் முள்ளும் இன்னும் அசையவில்லை, டீசல் டேங்குக்குள் இருக்கும் மிதவை செத்திருக்கலாம்.

பேட்டரி கொடுத்த அந்தச் சனிக்கிழமை மாலை இருட்டியதும் மாமா சாவியைப் போட்டு இடப்பக்க இண்டிகேட்டரைத் தள்ளினார். கீழே இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். மஞ்சள் விளக்கு மட்டும் சிமிட்டியது. “மாப்பிள்ளை, பிரேக்கை மிதி” என்றார். மிதித்தேன். இரண்டு பக்கமும் சிவப்பு எரிந்தது. மஞ்சள் தன்பாட்டுக்குச் சிமிட்டிக்கொண்டிருந்தது. “விடு” என்றார். விட்டேன். “மிதி.” மிதித்தேன். எத்தனை முறை மிதித்தேன் என்று நினைவில்லை. காலண்டர் தாள் வரைபடத்தை மறுநாள் லேமினேட் செய்து, என்ஜின் மூடியின் உட்பக்கம் ரிவிட் அடித்து வைத்தேன்.